லாரிச் சத்தத்துக்கு அடியில

அதத் தொடாதீங்க தம்பி, சுடும். பாக்கறதுக்குத்தான் சின்னக் கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கு, உள்ள கம்பி பழுத்துக்கிட்டு இருக்கும். வால்வுன்னு சொல்வாங்க. மத்ததெல்லாம் தாராளமா எடுத்துப் பாருங்க. அந்த சோப்பு டப்பால இருக்கறது, சாப்பாட்டு டப்பால இருக்கறது, மேல பிஸ்கட் டின், எல்லாமே ஹெட்போனுக்குச் சத்தத்தப் பெருசாக்கற ஆம்ப்தான். எல்லாம் எங்க வீட்டுக்காரர் கையால பண்ணது. உக்காருங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க, நுனில உக்காந்தா அந்த நாற்காலி ஆளைக் கவுத்துடும், முன்கால் கொஞ்சம் குட்டை.

இவரா? உள்ள ரூம்லதான் இருக்கார். கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல, காதுல மாட்டிக்கிட்டார்னா வீடு இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது. அதுவரைக்கும் என்கிட்டயே கேளுங்க. பார்ட்ஸ் கடைக்காரர்கிட்ட விலாசம் வாங்கிட்டு வந்தேன், ஆம்ப் பத்தி விசாரிக்கணும்னு சொன்னீங்கல்ல, எனக்கும் ஓரளவு தெரியும். ஆரம்பத்துல ரெசிஸ்டர்னா எனக்கு கலர் கோடு போட்ட மிட்டாய்தான். இப்ப தரைல ஒண்ணு கிடந்தா, குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள என்ன மதிப்புன்னு சொல்லிடுவேன். கூடவே இருந்தா ஒட்டிக்கும்ல.

எந்த மாதிரி பாட்டு கேப்பாரா? இல்ல தம்பி. எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறாங்க. இவருக்குப் பாட்டு கேக்கற பழக்கமே கிடையாது. ஒரே ஒரு பதிவுதான் கேப்பார். போன்ல வந்தது. சொல்றேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, இந்தத் தெருவுக்கே தெரியும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. மூக்குக் கண்ணாடிக் கடைல கண் டெஸ்ட் பண்ற வேல. வாய் ஓயாது. வாலுன்னுதான் இவர் கூப்பிடுவார், வேலைக்குப் போனப்புறமும் வாலுதான். கண் டெஸ்டுக்கு வந்தவங்க கடைசி வரி எழுத்தப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க குடும்பக் கதை பூரா வாங்கிட்டு வந்து, சாப்பிடும்போது எங்ககிட்ட ஒப்பிப்பா. ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. ஸ்கூட்டர்ல வந்துக்கிட்டு இருந்தவ, மேம்பாலத்துலேருந்து எறங்கற எடத்துல சறுக்கி விழுந்துட்டா. யாரும் இடிக்கல. யார் மேலயும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. தண்ணியும் எண்ணெயும் கலந்து கிடந்த எடம், அவ்வளவுதான். விழுந்த எடத்துலேருந்து அப்பாவுக்குப் போன் போட்டிருக்கா. இவர் லிஃப்ட் மெக்கானிக். அந்நேரம் ஏதோ ஒரு கட்டடத்துல, லிஃப்ட் ஓடற குழிக்குள்ள எறங்கி வேல பாத்துக்கிட்டு இருந்தார். அங்க எப்படி சிக்னல் கிடைக்கும்? எடுக்கலைன்னா பேசி வெக்கச் சொல்லும்ல, அதுல போய் விழுந்துடுச்சு. இவர் மேல ஏறி வந்து அதக் கேட்டப்ப எல்லாம் முடிஞ்சிருந்துது.

பரவால்ல தம்பி, பரவால்ல. நீங்க ஏன் எழுந்திருக்கறீங்க. உக்காருங்க. தண்ணி வேணுமா?

அதுல என்ன இருக்குன்னா, மொதல்ல மழை. அப்புறம் அப்பான்னு ஒரு தடவ. அது தெளிவா இருக்கும், அதுக்கு எந்த மிஷினும் வேண்டாம். அப்புறம் ஒரு ஆம்பளக் குரல். பேசாதம்மா, ஆம்புலன்ஸ் வருது, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகலன்னு சொல்றார். வழில போன யாரோ. கொஞ்ச நேரம் மழை மட்டும். அப்புறம் அவரே கேக்கறார், வீட்ல என்னம்மா சொல்லணும்னு. அவ ஏதோ சொல்றா. ரெண்டு மூணு வார்த்தை இருக்கலாம். சரியா அந்த நேரம் பாத்து ஒரு லாரி போகுது. லாரி போய் முடிஞ்சதும் மறுபடி அவர் குரல். சரிம்மா, சொல்லிடறேன். அதோட கட் ஆயிடும்.

சொல்லிடறேன்னார். வரல.

போலீஸ்ல கேட்டோம், ஆம்புலன்ஸ்காரங்கள கேட்டோம். ஒருத்தர் குடை புடிச்சுக்கிட்டு கூடவே உக்காந்திருந்தார், ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினப்புறம் பாத்தா ஆளக் காணும்னாங்க. யாரும் பேர் கேட்டு வெக்கல.

அந்த லாரிக்கு அடில என்ன இருக்குன்னு கேக்கத்தான் தம்பி இத்தனை டப்பாவும்.

மொதல்ல போனையே காதோட அழுத்தி அழுத்திக் கேட்டார். காது மடல் செவந்து போயிருக்கும். கூட வேல பாக்கறவர் ஒருத்தர், பெரிய ஹெட்போன் ஒண்ணு கொண்டுவந்து குடுத்தார், ஸ்டூடியோல போடற மாதிரி. அத நேரா போன்ல சொருகினா சத்தம் எங்கயோ ஆழத்துலேருந்து வந்துது. அந்த மாதிரி ஹெட்போனை ஓட்டப் போனுக்குத் தெம்பு பத்தாதாம், நடுவுல ஒரு ஆம்ப் வேணுமாம். ஈயம் உருக்கி ஒட்டற சால்டரிங் தெரிஞ்ச கை இவரோடது. அந்த சோப்பு டப்பா இருக்கே, அதான் மொதல்ல பண்ணது. சத்தத்தப் பெருக்கற சில்லு ஒண்ணு, ஐசிம்பாங்க, ரெண்டு கெப்பாசிட்டர், நாலஞ்சு ரெசிஸ்டர். சுவத்துல சொருகற அடாப்டர் ஒண்ண மாட்டி ஓட்டினார். என்னைக் கூப்பிட்டுக் காதுல வெச்சார். பேச்சுக்கு அடில ங்ங்ங்னு ஒரு முனகல். அவதான் முனகறான்னு நெனச்சேன். இவர் அடாப்டரைப் புடுங்கிட்டு பேட்டரி மாட்டினார். முனகல் நின்னுபோச்சு. கரண்டு லைனோட சத்தம் அது. அன்னிக்கு நான் உருண்டு பொரண்டு அழுதது ஒரு அடாப்டருக்கு.

சிரிக்கலாம் தம்பி, நானே சிரிச்சிருக்கேன்.

அப்புறம் உஸ்ஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் இருந்துச்சு. மழைன்னுதான் ரெண்டு பேரும் நெனச்சோம். பார்ட்ஸ் கடைக்காரர்தான் சொன்னார், கார்பன் ரெசிஸ்டர் போட்டிருக்கீங்க, அது கொஞ்சம் இரைச்சல் போடும், மெட்டல் ஃபிலிம் போடுங்கன்னு. மாத்தினதும் பாதி மழை நின்னுபோச்சு. நெசமாத்தான் சொல்றேன். நாங்க மழைன்னு கேட்டுக்கிட்டு இருந்ததுல பாதி எங்க மேஜை மேல பெஞ்ச மழை.

வால்யூம் திருகற குமிழ் இருக்குல்ல, அது ஒரு கூத்து. மலிவானது ஒண்ணு போட்டார். அதுல சத்தத்தக் கம்மியா வெச்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவா வராது, ஒரு பக்கம் தூக்கும். எங்களுக்கு அது தெரியாது. அந்த ஆளோட குரல் எடது காதுல கேட்டுது. அவ குரலும் அங்கதான். இவர் தரைல ஒரு பாய விரிச்சு, இங்க அவ தலை, இங்க அவர் உக்காந்திருக்கார், எடது பக்கம், ரொம்பக் கிட்டன்னு எனக்குக் காட்டினார். எனக்கு அத நெனச்சு ஒரு ஆறுதல். அவ்ளோ கிட்ட ஒரு மனுஷன் உக்காந்திருந்தாரேன்னு. அப்புறம் நல்ல குமிழா வாங்கி மாட்டினா ஆள் எழுந்து நடுவுக்கு வந்துட்டார். போன்ல பதிவான சத்தத்துக்கு எடதும் கெடையாது வலதும் கெடையாதாம். பாயச் சுருட்டி வெச்சுட்டார் இவர்.

கெப்பாசிட்டரா? அதுலதான் பாதி ஆயுசு போச்சு. சத்தம் வெளிய வர்ற வழில ஒண்ணு உக்காந்திருக்கும். அது சின்னதா இருந்தா கனமான சத்தத்த உள்ளயே நிறுத்திடும், மெலிசானதத்தான் விடும். பெருசா போட்டா எல்லாத்தையும் விடும். இவர் வேணும்னே சின்னதா போட்டார், லாரி உறுமறது கொறையட்டும்னு. கொறைஞ்சுது. ஆனா லாரியோட சேந்து அந்த ஆளுக்கு நெஞ்சே இல்லாமப் போயிடுச்சு. பள்ளிக்கூடப் பையன் பேசற மாதிரி இருந்தார். இவளுக்கும் உடம்பு இல்ல, குரல் நூலா போச்சு. அது சரிப்படலன்னு பெருசா, கட்டைவிரல் தண்டிக்கு ஒண்ணு வாங்கிப் போட்டார். அவர் மறுபடி பெரியவரானார், லாரியும் சேந்து வந்துது. ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண மட்டும் எடுக்க முடியல. நாள் பூரா மாத்தி மாத்தி சால்டர் பண்ணுவார். வீடே ஈயப் புகை வாடை. நான் பாட்டுக்கு ஜன்னலைத் தொறந்து வெப்பேன், அவர் பாட்டுக்கு மூடுவார், வெளிச் சத்தம் வருதுன்னு.

அந்த வால்வு ஆம்ப் எதுக்குன்னா, குரலுக்கு அதான் ஒசத்தின்னு யாரோ சொல்லியிருக்காங்க. பொய் இல்ல. அதுல கேட்டா கூடவே உக்காந்து பேசற மாதிரி இருக்கும், குரல்ல ஒரு வெதுவெதுப்பு இருக்கும். ஆனா அதுல கேட்ட மொத நாளே இவர் வெளுத்துப்போய் வெளிய வந்தார். வளையல் சத்தம் கேக்குதுன்னார். அவ சொல்லும்போது கையத் தூக்கியிருக்கா, வளையல் கிணுங்குதுன்னார். அவ வேலைக்கு வளையல் போட்டுக்கிட்டுப் போனதே இல்ல. கண் டெஸ்ட் பண்ணும்போது மிஷின்ல இடிக்கும்னு. சொன்னேன். கேக்கவே இல்ல. நானும் மாட்டிக் கேட்டேன். கிணுங்குச்சு தம்பி. சின்னதா, கண்ணாடி வளையல் மாதிரியே. காதுல மாட்டினதக் கழட்டாம நான் மேஜை முன்னாடியே உக்காந்திருந்தேன், இவரும் பக்கத்துல. அப்புறம் இவர் எழுந்து போகும்போது மேஜைல முட்டி இடிச்சுது. பதிவு ஓடல, ஒண்ணும் ஓடல, அப்பவும் காதுல அதே கிணுங்கல். வால்வு அப்படித்தானாம். மேஜை அசைஞ்சா அதுக்குள்ள இருக்கற கம்பி அசையும், அந்த அசைவும் சத்தமா வரும். நாங்க கேட்டது எங்க மேஜையோட வளையல்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பயம் புடிச்சுது. கேக்கறதுல எது அவளோடது, எது நாங்க வாங்கிட்டு வந்த சாமானோடதுன்னு. ஒவ்வொரு பார்ட்ஸும் தன் பங்குக்கு எதையாவது சொல்லிட்டுத்தான் போகுது. இந்த வீட்ல அவ ஒருத்தி இருந்தா. இப்ப அவள மாதிரி பேசறதுங்க இந்த அலமாரி பூரா இருக்கு.

ஐசி விஷயத்துக்கு வரேன். அதான் முக்கியம். எட்டுக் கால் இருக்கும், பூச்சி மாதிரி, கழட்டிட்டு வேற சொருகிக்கலாம். ஒண்ணு போட்டா சத்தம் கூர்மையா இருக்கும், மழைத் துளி ஒவ்வொண்ணும் தனித் தனியா விழும். இன்னொண்ணு போட்டா எல்லாம் வழவழன்னு ஆயிடும். இவர் மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டதுல, அந்த லாரிக்கு அடில ஒரு வ கண்டுபுடிச்சார். வ-ன்னுதான் ஆரம்பிக்கறா, அது நிச்சயம்னார். அப்புறம் ஒரு ல. அப்புறம் கடைசில ஒரு க்கு மாதிரி. கூர்மையான ஐசில கேட்டா வலிக்குதுன்னு சொல்றா. அந்த வால்வுல கேட்டா வலிக்கலன்னு சொல்றா.

ஆமா தம்பி. அதேதான்.

வலிக்குதுன்னு வீட்ல சொல்லச் சொன்னாளா, வலிக்கலன்னு சொல்லச் சொன்னாளா. இதான் எங்க வீட்ல ஓடறது. காலைல வலிக்கும். சாயங்காலம் வலிக்காது. என்னைக் கூப்பிட்டுக் காதுல மாட்டுவார். நீ சொல்லுன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பார். எனக்கு லாரிதான் கேக்கும். எத்தனை தடவ கேட்டாலும் லாரிதான். நான் ஒரு நாள் சொன்னேன், அந்த வால்வையே வெச்சுக்கங்க, அதுல நல்லதாத்தானே கேக்குது, அதோட விட்டுடுங்கன்னு. அதுக்கு இவர், அது யாரப் பேச விட்டாலும் மெத்துனுதான் பேச வெக்கும், எனக்கு மெத்துனு வேண்டாம், அவ சொன்னது வேணும்னார். கூர்மையான ஐசிய மாட்டிட்டு உக்காந்தார்னா அன்னிக்குச் சோறு எறங்காது. அன்னிக்கு நான் அவர்கிட்ட பேச்சு குடுக்க மாட்டேன். கதவச் சாத்தி வெச்சிருப்பேன்.

பார்ட்ஸ் கடைக்காரர் நல்ல மனுஷன். ஒரு தடவ என்கிட்டத் தனியா சொன்னார், போன்ல பதிவாகாதத எந்த ஆம்பும் குடுக்காதும்மா, லாரி முழுங்கினது முழுங்கினதுதான்னு. இவர்கிட்டயும் சொல்லியிருக்கார். இவர் கொஞ்ச நாள் அந்தக் கடைப் பக்கமே போகல.

அந்த ஆள் மேல கோவமா? எனக்கு இருந்துச்சு. ஏன் இல்லாம? ரெண்டு எட்டு வெச்சு வந்து சொல்லியிருந்தா இவர் இப்படி உக்காந்திருப்பாரா? வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். இவர் ஏச விட மாட்டார். நல்ல கெப்பாசிட்டர் போட்டுக் கேட்டியா, அந்த மனுஷனுக்குக் குரல் நடுங்குது பாரு, சரிம்மாங்கறதுக்கு முன்னாடி எச்சி முழுங்கறார் பாரு, நம்ம பொண்ணுக்காக முழுங்கறார், அவர ஒண்ணும் சொல்லாதம்பார். அதக் கேட்டுக் கேட்டு எனக்கும் கோவம் போயிடுச்சு. அந்தக் குரலப் பையனாவும் கேட்டாச்சு, பெரியவராவும் கேட்டாச்சு, எடது பக்கமும் கேட்டாச்சு, நடுவுலயும் கேட்டாச்சு. சொந்தக்காரன் குரலக்கூட நான் அவ்ளோ கேட்டதில்ல.

போன வாரம் கடைக்காரர் போன் பண்ணார். இவர் புதுசா பண்ண ஆம்பக் கடைல வெச்சு அந்தப் பதிவப் போட்டுப் பாத்திருக்கார், வழக்கமா பண்றதுதான். கடைப் போன்லயும் அந்தப் பதிவு இருக்கு, ஆம்பை அதோட மாட்டி ஓட விட்டுட்டு இவர் கெளம்பினப்புறம், பல்பு வாங்க வந்தவர் ஒருத்தர் சும்மா எடுத்துக் காதுல மாட்டியிருக்கார். முழுசா கேட்டாராம். கழட்டி வெச்சுட்டு, கட்டி வெச்ச பல்பைக்கூட எடுத்துக்காம போயிட்டாராம். மறுநாள் திரும்பி வந்து எங்க விலாசம் கேட்டாராம்.

வேண்டாம், எழுந்திருக்காதீங்க. கடைக்காரர் சொல்லலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரில வர்ற போனையெல்லாம் எடுக்கற வேல பாத்தவ நான். வாசல்ல நின்னு யாரும்மா இருக்கீங்கன்னீங்க பாருங்க, அந்த ம்மா போதும். நீங்கதான்னு தெரிஞ்சுதான் உள்ள கூப்பிட்டேன். தெரிஞ்சுதான் இத்தனை நேரம் வளவளன்னு பேசிக்கிட்டு இருக்கேன், பேசறத நிறுத்திட்டா கேட்டுடணுமேன்னு.

நான் ஏசப் போறதில்ல. ஏன் வரலன்னும் கேக்கப் போறதில்ல. அவர் காதுல விழாது, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவ என்ன சொன்னா? எதுவா இருந்தாலும் சரி.

என்னது?

வண்டில சாவி இருக்குன்னு சொன்னாளா?

அவ்வளவுதானா? வண்டில சாவி இருக்கு. அதையா வீட்ல சொல்லச் சொன்னா? வலின்னு ஒண்ணும் சொல்லலியா? நல்லா ஞாபகம் இருக்கா? வேற எதுவுமே சொல்லல. அவ்வளவுதான்.

இருங்க தம்பி. ஒரு நிமிஷம். நான் அழல. வ சரிதான். ல சரிதான். அந்தக் கடைசி க்குகூட சரிதான். பாவம் இவர், எழுத்தெல்லாம் கரெக்டாத்தான் புடிச்சிருக்கார்.

அதான் வரலியா நீங்க? செத்த வீட்ல போய் இதை எப்படிச் சொல்றதுன்னா? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீங்களா, அன்னிக்கே? அடப் பாவமே. வேற ஏதாவது நல்லதா சேத்துச் சொல்லிடலாம்னு நெனச்சு, அதுவும் முடியாம. இல்ல, நீங்க சேக்காம இருந்ததே நல்லது. ஆறுதலுக்குச் சொல்றவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க. இது அவளேதான். தான் கிடக்கற கிடை தெரியாம, வண்டிய யாராவது ஓட்டிட்டுப் போயிடுவாங்களேன்னு பயந்திருக்கா. வீட்டுக்கு வந்துடலாம்னுதான் நெனச்சிருக்கா தம்பி. சாயங்காலம் வந்து அப்பாகிட்டத் திட்டு வாங்கணுமேன்னு நெனச்சிருக்கா.

இல்ல, நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா நம்ப மாட்டார், நான் அவருக்காகச் சொல்றேன்னு நெனப்பார். சொல்லிடறேன்னு அவகிட்ட சொன்னது நீங்க. உங்க குரலத்தான் அவருக்குத் தெரியும், என் குரலவிட நல்லாத் தெரியும். அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க, கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். மொதல்ல அவர் காதுலேருந்து அதக் கழட்டணும். திடீர்னு தொட்டா பயந்துடுவார், நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடியே வாங்க.